ஐப்பசி வெயிலில் ஒரு பகல்

கூடலூர்ச் சொந்தங்களுக்கும் மேலே குமுளியில் இருக்கிறவர்களுக்கும் வணக்கம்.

என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை. முந்தாநாள் மருத்துவர், "இனிப் பயமில்லைம்மா" என்றார். அதைக் கேட்டதும் முதலில் இந்த மடலைத்தான் எழுத நினைத்தேன்.

ரத்தம் கொடுக்க மலையிறங்கி வந்த குமுளிப் பிள்ளைகள், என் முறைத் தண்ணீரை ராத்திரி விழித்திருந்து மடை திருப்பிவிட்ட பக்கத்து வயல்காரர்கள், மழைக்கு முன்னால் அறுப்பு மெஷின் என் வயலில் முதலில் இறங்கட்டும் என்று விட்டுக்கொடுத்தவர்கள், வார்டில் மாற்றி மாற்றித் துணைக்குப் படுத்த மதினிமார்கள், எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டியது. கால் தேறட்டும், வருகிறேன்.

ஆனால் ஒரு பகலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் தம்பியை உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் பெண்களை மலையில் இறக்கிவிட்டு, சாயங்காலம்தான் திரும்பக் கூட்டி வருவான். ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பெய்து விட்டு, மூன்றாம் நாள் பளிச்சென்று வெயில் வந்தது. அன்றைக்கு அவன் மலையில் காத்திருக்காமல் வெறும் வண்டியோடு இறங்கி வந்து என் வாசலில் நின்றான்.

"பெரியம்மா, வயலைப் பாத்துட்டு வருவமா?"

மூன்று மாதமாக எல்லாரும் என்னிடம் மாத்திரை போட்டாயா, தூங்கினாயா என்றுதான் கேட்டார்கள். வயலைப் பற்றிக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

அவன் வீட்டு நைலான் கட்டில் ஜீப்பின் பின்னால் ஏற்கெனவே இருந்தது. வாய்க்கால் கரையில் புங்க மரத்தடியில் அதைப் போட்டு என்னை உட்காரவைத்தான். தூக்குவாளியில் கம்மங்கூழ், உரித்த சின்ன வெங்காயம், காகிதத்தில் சுற்றிய ஒரு கொத்து பன்னீர் திராட்சை, எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்தான். "நீங்க இருங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் வண்டியில் படுத்துக்கொண்டான். என்னைத் தனியாக விடத் தெரிந்திருந்தது அந்தப் பிள்ளைக்கு.

நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைகிற 14,707 ஏக்கரில் என் பங்கு ஒன்றரை ஏக்கர். அறுத்த தாளில் இருந்து ஈர வாசம் வெயிலோடு கிளம்பி வந்தது. வைக்கோலைக் காயப்போட்டிருந்தார்கள். இரண்டாம் போகத்துக்கு உழுத பக்கத்து வயலில் டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் நடந்தன. வெயில் முதுகில் இறங்கியது. திராட்சையை ஒவ்வொன்றாகப் பிதுக்கி, விதையைத் துப்பித் துப்பித் தின்றேன். மருந்துக் கசப்பு போய் நாக்கில் ருசி திரும்பியது அப்போதுதான். அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

காலடியில் பெரியாற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருகிற தண்ணீர். அதைக் கொண்டுவந்த பென்னிகுவிக்கின் பிறந்த நாளுக்கு இன்றும் பொங்கல் வைக்கிற மண் இது. இங்கே பிறந்தவள் நான் எப்படி மறப்பேன்?

மேற்கு மலைக்குப் பின்னால் பொழுது சீக்கிரமே இறங்கிவிட்டது. தோட்டத்துப் பெண்களைக் கூட்டிவர நேரமானதும் என்னை வீட்டில் விட்டுவிட்டு மலையேறிவிட்டான். டீசலுக்குக் காசு நீட்டினேன், வாங்கவில்லை. அன்று ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கினேன்.

அந்த மரத்தடியில் ஒரு கட்டில் வாங்கிப் போடப் போகிறேன். உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குள் கிடப்பவர் யாராக இருந்தாலும் அங்கே வந்து உட்காரலாம். கூழ் என் பொறுப்பு.

தம்பி, நாற்று பச்சை பிடித்துவிட்டது. நடவன்றைக்கு நான் வயலுக்கு நடந்தே வந்துவிடுவேன். நீ மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேர்.