தொடைப் பிடிப்பு என்றுதான் நினைத்தேன்

செம்பூர், மும்பை
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன்: ஹாக்கி ஆடுற உன் பாப்பாவுக்கு முழங்கால் வலி, கோச்சோ ‘வளர்ற வலி, ஓடு’ என்கிறார். பாப்பாவின் முழங்கால் போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி போட்டால் சண்டைக்கு வருவாய், அதனால்தான் கடிதம். முதலில் என் வீட்டுக் கதை. நான் செய்த கோளாறு எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஜனவரியில் ஆசாத் மைதானத்தில் மூத்தவனுக்கு ஒரு மேட்ச். பவுண்டரிக்குப் போன பந்தைத் துரத்தியவன், யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி பிட்டத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ‘டப்’னு சத்தம் கேட்டுச்சுப்பா என்றான். டீமோடு வந்தவர் ஸ்ப்ரே அடித்துவிட்டு, “நஸ் சட் கயீ ஹை (நரம்பு பிடிச்சுக்கிச்சு), நாலு நாளில் சரியாயிடும்” என்றார். ஹார்பர் லைனில் செம்பூர் வரைக்கும் பையன் நின்றுகொண்டே வந்தான். சீட் காலியாக இருந்தும் உட்காரவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தர, நானே அழுத்தி உருவிவிட்டேன். மறுநாள் தொடையின் பின்பக்கம் முழுக்கக் கருநீலம். பையன் குப்புறப் படுத்தே கிடந்தான்.

எக்ஸ்ரே எடுத்த டாக்டர் காட்டினார்: நாம் உட்காரும்போது தரையில் அழுந்துமே, அந்த எலும்பின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு பெயர்ந்து நின்றது. பெரியவர்களுக்குத் தசை கிழியும் இடத்தில் இந்த வயசுப் பிள்ளைகளுக்கு எலும்பே பிடுங்கிக்கொண்டு வருமாம். தொடையின் பின்தசையை எலும்போடு கட்டுகிற நாண் போய் ஒட்டும் இடம் இன்னும் வளர்கிற குருத்தெலும்பு. நாணை விட அது பலவீனம். பூச்சு காயாத சுவரில் ஆணி அடித்துக் கொடி கட்டினால் கயிறா அறும்? ஆணி காரையோடு பெயர்ந்து வரும். அதே கதைதான். விலகல் சில மில்லிமீட்டர் என்பதால் கத்தி வைக்கவில்லை. மூணு வாரம் ஊன்றுகோல். மாடிப்படியில் அவன் இறங்குவதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அந்த இடத்தை நான் உருவியிருக்கிறேன், மாப்ள! அடிபட்ட தசையில் முதல் ரெண்டு மூணு நாள் சூடு, உருவல் ரெண்டும் ஆகாது. உள்ளே ரத்தக் கசிவு கூடும். பலமாக நசுங்கிய தசையை இப்படிப் போட்டுத் தேய்த்தால் சிலருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு படிந்துவிடுமாம். ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து இருபது நிமிஷம் வைக்கலாம், வலிக்கு நல்லது. அதிலும் வேடிக்கை, 1978-ல் ஐஸும் ஓய்வும் என்று எழுதிப் பிரபலப்படுத்திய கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டரே, ரெண்டும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு மாற்றிச் சொல்லிவிட்டார்.

டாக்டர் கேட்ட ஒரு கேள்வியில்தான் நான் கூனிக் குறுகிப்போனேன். “வாரத்துக்கு எத்தனை ஓவர் போடுறான்?” தெரியவில்லை. ஸ்கூல் டீம், கிளப், கோச்சிங் கேம்ப் என்று மூணு இடம். ஒவ்வொரு கோச்சும் தன் கணக்கை மட்டும் பார்த்தார், மொத்தத்தைக் கூட்ட வேண்டிய நானோ ஸ்கோர்புக்கில் விக்கெட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்து கிரிக்கெட் போர்டு வகுத்த விதியில் 14, 15 வயசு வேகப் பந்து வீச்சாளர் தொடர்ச்சியாகப் போடும் ஒரு ஸ்பெல்லுக்கு 6 ஓவர், நாளைக்கு 12 ஓவர். இவன் சில சனிக்கிழமை காலையில் மேட்ச், சாயங்காலம் நெட்ஸ் என்று அதைத் தாண்டியிருப்பான்.

அதுவும் எந்த வயசில்! தீபாவளிக்கு எடுத்த பேன்ட் பொங்கலுக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. சமையலறைக் கதவு நிலையில் அவன் அம்மா போட்டு வைத்த பென்சில் கோடுகளைக் கூட்டினால் ஒரு வருஷத்தில் 9 சென்டிமீட்டர். பையன்களுக்குப் பதினாலு வாக்கில், பொம்பளப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வாக்கில் இந்தப் பாய்ச்சல் வரும். எலும்பு முந்திக்கொண்டு ஓடும், தசையும் நாணும் பின்னால் இழுபட்டு வரும். அந்த மாசங்களில் ஓட்டத்தைக் குறைத்திருக்க வேண்டும். நான் பேன்ட் விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

இனி பாப்பா. முழங்கால் சில்லுக்குக் கீழே புடைத்திருக்கிறதே, அதுவும் இதே குடும்பம்தான் என்று என் கணிப்பு. தொடையின் முன்தசையின் நாண் வந்து முடிகிற குருத்து இடம், குதித்துக் குதித்து இழுபட்டு நோகும். ஆஸ்குட்–ஷ்லாட்டர் என்பார்கள், 1903-ல் ஆளுக்கொரு தேசத்தில் இருந்து தனித்தனியாக எழுதிய ரெண்டு டாக்டர்கள் பேர். ‘வளர்ற வலி, ஓடு’ என்று கோச் சொல்கிறாரே, அது பாதி நிஜம். ஓடும்போது வலித்தால் குறைக்க வேண்டும். ஹாக்கியை விடச் சொல்ல மாட்டேன். ஒரு டாக்டர் கையில் காட்டு; ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி, மூட்டே வீங்குவது, காய்ச்சல், நொண்டல் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதே. வாரத்தில் ஒரு நாளாவது ஸ்டிக்கைத் தொடக்கூடாது. பயிற்சி மணி நேரம் வாரத்துக்கு அவள் வயசைத் தாண்ட வேண்டாம், பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. சாப்பாட்டைக் குறைக்க விடாதே, கடலைமிட்டாய் ஊரில் இருந்துகொண்டு பிள்ளை வெறும் வயிற்றில் ஓடலாமா!

ஒன்பதாவது படிக்கும்போது ஹாக்கி ஆடுகையில் எனக்கும் மூத்தவனுக்கு அடிபட்ட இதே இடத்தில் இழுத்தது, ஞாபகம் இருக்கா? கட்டாந்தரையில், வெறுங்காலில். “ஓடினா சரியாகும்லே” என்று மாஸ்டர் விரட்டினார். இப்போதும் பஸ்ஸில் நெடுநேரம் உட்கார்ந்தால் இடது பக்கம் சுரீர் என்கிறது. அதுவும் பெயர்ந்த எலும்பாக இருக்குமோ என்று டாக்டரிடம் கேட்டேன், சிரித்தார்.

மூத்தவன் இப்போது பரவாயில்லை. தினமும் முட்டி போட்டு நிமிர்ந்து நின்று, கணுக்கால்மேல் தம்பியை ஏற்றிக்கொண்டு, மெல்ல முன்னால் சாய்ந்து விழுகிறான். தொடையின் பின்தசைக்கு அதுதான் மருந்து. பெரிய ஆட்டக்காரர்களிடம் இந்தப் பயிற்சி தசைக் காயத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறதாம். தம்பி சும்மா உட்காருவதில்லை, சம்பளம் கேட்கிறான். ரெண்டு காலுக்கும் பலம் சமமாகி, வலியில்லாமல் முழு வேகத்தில் ஓடினால்தான் பந்து கையில் வரும். தேதி கேட்காதே என்று பிசியோ எனக்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நீ ஒன்று செய். இன்றைக்கே பாப்பாவைக் கதவு நிலையில் நிறுத்திக் கோடு போடு. மாசத்துக்கு ஒரு கோடு. அளவை எனக்கும் அனுப்பு. அப்படியே ரெண்டு கிலோ கடலைமிட்டாயும்.

உன் பழைய ரைட் அவுட்