படத்தில் இருப்பது மீன் இல்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். ஆயாவுக்கு மட்டும் முட்டி வலி விடவில்லை. வேலூர் வெயில் உனக்குத் தெரியாததா, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

கரையில் ஒதுங்கிய அந்த அழுகிய உடலை எடுத்து நீ அனுப்பிய படங்கள் வந்தன. "நைனா, இது இன்னா? கழுத்து நீளமா இருக்கு, மேலெல்லாம் மயிர். இங்க எல்லாரும் டைனோசர்ன்றாங்க." ஆடிக் கிருத்திகைக்கு அப்புறம் உன்னிடமிருந்து வந்த பேச்சு இவ்வளவுதான். சரி, இதாவது வந்ததே. போனில் சொன்னால் பாதியில் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன், நிதானமாகப் படி.

முதலில் அந்த மயிரைப் பார்ப்போம். அது மயிரே இல்லை. சதை அழுகிக் கரைந்த பிறகும், தோலையும் சதையையும் கட்டிப் பிடித்திருக்கிற கொலாஜன் என்ற புரத நார் சீக்கிரம் போகாது. அலையில் அடிபட்டு, வெயிலில் வெளுத்து, தேங்காய் நார் மாதிரி பிரிந்து தொங்கும். 2003-இல் சிலி நாட்டுக் கரையில் எலும்பே இல்லாத பெரிய சதைப்பிண்டம் ஒன்று ஒதுங்கியது. ராட்சச ஆக்டோபஸ் என்று உலகமே பேசியது. மறு வருஷம் டி.என்.ஏ. பார்த்தார்கள், ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் கொழுப்புப் படலம் என்று முடிந்தது.

அடுத்தது நீண்ட கழுத்து. இதில் படித்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள். 1977 ஏப்ரலில் நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் பக்கம் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் வலையில் சுமார் 10 மீட்டர் நீளத்தில் அழுகிய உடல் ஒன்று சிக்கியது. சின்னத் தலை, நீண்ட கழுத்து, நாலு துடுப்பு. பிடித்த மீன் கெட்டுவிடும் என்று அதைக் கடலிலேயே தள்ளிவிட்டார்கள். நல்ல காலம், கப்பலில் இருந்த ஒருவர் படம் எடுத்து, துடுப்பிலிருந்து கொஞ்சம் நாரையும் எடுத்து வைத்திருந்தார். அந்த நாரைச் சோதித்தபோது அது பாஸ்கிங் சுறா என்கிற பெரிய சுறாவோடு ஒத்துப்போனது. அந்தச் சுறா அழுகும்போது தாடையும் செவுள் வளைவுகளும் முதலில் கழன்று விழுந்துவிடும். மிச்சம் நிற்கிற மண்டையும் முதுகுத்தண்டும்தான் பார்க்கிறவனுக்குத் தலையும் கழுத்துமாகத் தெரிகிறது. அதனால் எது இருக்கிறது என்று பார்க்கும் முன்னால் எது விழுந்துபோயிற்று என்று கேட்க வேண்டும்.

உன் படத்தைப் பார்த்ததும் நானும் சுறா வகை என்றுதான் நினைத்தேன். ஆனால் சுறாவுக்கு ஏது எலும்பு? எல்லாம் குருத்தெலும்புதானே. மூன்றாவது படத்தில் மணலில் தனியாகக் கிடக்கிற முதுகெலும்புத் துண்டைப் பார். மீனுக்கு அந்தத் துண்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டுமே குழிந்திருக்கும். இது தட்டை. அப்போதே பாலூட்டி என்று தெரிந்துவிட்டது. கடைசிப் படத்தில் துடுப்புத் தோல் உரிந்து உள்ளே விரல் எலும்புகள் வரிசையாகத் தெரிகின்றன. நம் விரலில் மூன்று துண்டுதான், இதில் அதைவிட அதிகம். திமிங்கிலம், டால்பின் வகைக்குத்தான் அப்படி இருக்கும். எந்த இனம் என்று படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். காது எலும்பு கிடைத்தால் தெரியும், இல்லையென்றால் ஒரு துளித் திசுவில் டி.என்.ஏ. பார்க்க வேண்டும்.

அந்த விரல் எலும்பை எண்ணத்தான் படத்தைப் பெரிதாக்கினேன். அளவு தெரிய உன் கையைப் பக்கத்தில் வைத்திருக்கிறாய். மணிக்கட்டு எவ்வளவு இளைத்துப் போயிருக்கிறது பாப்பா. மோதிர விரலில் வெள்ளையாக ஒரு வளையம், மோதிரம் இல்லை. கழற்றி வைத்துவிட்டுத் தொட்டாய் போலிருக்கிறது. நல்லதுதான், அந்த அழுகல் நாற்றம் லேசில் போகாது. அம்மாவுக்குப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டவில்லை.

இனிமேல் கையை வைக்காதே, ஸ்கேல் வை. வெறுங்கையால் தொடவே தொடாதே, கடல் பாலூட்டிகளின் நோய் நமக்கும் ஒட்டும். வயிறு உப்பிக் கிடந்தால் கிட்டேயே போகக் கூடாது, உள்ளே வாயு அடைத்து வெடிக்கும். உடனே வனத்துறைக்குச் சொல். 1972 வனவிலங்குச் சட்டத்தில் திமிங்கிலம் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. ஞாபகத்துக்கு என்று ஒரு பல்லைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ளாதே. அப்புறம், படங்களில் வெளிச்சமே சரியாக வரவில்லை, விடிவதற்கு முன்னால் எடுத்திருக்கிறாய். மணலில் ஒரே ஆளின் காலடிதான் இருக்கிறது. அந்த நேரத்தில் தனியாகக் கடற்கரைக்குப் போகாதே. தூக்கம் வரவில்லை என்றால் இங்கே போன் பண்ணு. நான் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறவன், உனக்குத் தெரியும். கடலுக்குப் போக நேரம் இருக்கிறது, பெற்றவளிடம் பேச நேரம் இல்லையா?

கோபமாக எழுதவில்லை. விரிஞ்சிபுரத்தில் பாலாற்று மணலில் அந்த மண்டையோடு கிடைத்ததே, பெரியப்பா வீட்டில் எல்லாரும் நாய் நாய் என்று கத்த, நீ மட்டும் மேல் தாடையைத் தடவிப் பார்த்து, "முன்பல்லே இல்ல நைனா, ஆடு" என்றாய். அதே பிள்ளைதான் இன்றைக்கும் ஊர் முழுக்க டைனோசர் என்று சொல்லியும் நம்பாமல் எலும்பைத் தேடிப் படம் எடுத்திருக்கிறாள். எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. பேங்க் வேலைக்குப் போனாலும் அந்தக் கண் போகவில்லை.

உங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கரைக்கு இது புதிதும் இல்லை. 1973 ஜனவரியில் அங்கே 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் மறுபடி 80-க்கும் மேல். மீனவர்கள் ராத்திரியெல்லாம் படகில் கட்டி இழுத்துப் போய் ஆழத்தில் விட்டார்கள். விட்டதில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத ஜாதி அது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சொல்ல முடியவில்லை என்றால் வேண்டாம். மாடி அறையை அம்மா சுத்தம் பண்ணி வைத்திருக்கிறாள், ஃபேனும் மாற்றியாயிற்று. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் இப்போது நன்றாக வருகிறது. லீவு கிடைத்தால் திருச்செந்தூரிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறு, விழுப்புரத்தில் இறங்கு. எந்த நேரமானாலும் நான் ஸ்டேஷனுக்கே வந்து நிற்கிறேன். எதற்கு வந்தாய் என்று இங்கே யாரும் கேட்க மாட்டோம். ஆயாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

வனத்துறைக்குச் சொன்னாயா என்று எழுது. சாப்பிட்டாயா என்றும் எழுது.

அன்புடன்,
நைனா