தீபாவளி எண்ணெய் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்குவதால் இப்போதே எழுதுகிறேன். போன வருடம் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. நாங்கள் குழாயைத் திறக்கவே இல்லை. மேல்மாடிகளில் பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கள் தொட்டி வழியாகப் பொங்கித் தரைக்கு வந்துவிட்டது. குழாய் ரிப்பேர் செய்பவர் வந்து கம்பி விட்டு இழுத்தார். மணிக்கட்டுத் தடிமனில், ஊறிப்போன சோப்பு மாதிரி வெளுத்த கட்டி ஒன்று வந்தது. அதில் கறிவேப்பிலையும் சோற்றுப் பருக்கையும் ஒட்டியிருந்தன. வாடையே சொல்லிவிட்டது, முறுக்கு சுட்ட எண்ணெய்தான்.

அண்டை வீட்டாரைக் குறை சொல்ல வரவில்லை. நானும் முப்பது வருடமாக வாணலி எண்ணெயைத் தொட்டியில்தான் ஊற்றினேன். சுடுதண்ணீரும் கொஞ்சம் சோப்பும் விட்டால் போய்விடும் என்று நினைத்தேன். கண்ணுக்கு மறைவாகப் போகிறது, சரி. கீழே எங்கோ ஆறிக் கட்டிப்போய்விடுகிறது.

சிங்கப்பூரில் மழைநீருக்கு ஒரு வழி, வீட்டில் பயன்படுத்திய நீருக்கு வேறு வழி. மழைநீர் வடிகால்களில் ஓடிப் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. வீட்டு நீர் நிலத்தடியில் ஆழச் சுரங்கத்தில் இறங்குகிறது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் 2008ல் முடிந்தது. வழி நெடுகப் பம்ப் வைத்துத் தள்ளாமல் சரிவிலேயே நீர் ஓடுகிறது. சுத்திகரித்த நீரில் ஒரு பங்கை நுண்வடிகட்டல், அழுத்தம் கொடுத்து மெல்லிய சவ்வு வழியாகத் தள்ளும் எதிர்ச் சவ்வூடுபரவல், புற ஊதா ஒளி என்று மேலும் மூன்று கட்டம் தாண்டவைத்துப் புதுநீராக்குகிறார்கள். அதில் பெரும்பகுதி மின்னணுச் சில்லு ஆலைகளுக்கும் குளிரூட்டு நிலையங்களுக்கும் போகிறது. மழை குறைந்த மாதங்களில் நீர்த்தேக்கங்களிலும் விடுகிறார்கள். அப்புறம் அது மறுபடி சுத்திகரிக்கப்பட்டு நம் குழாய்க்கே வருகிறது. நாட்டின் தண்ணீர்த் தேவையில் 40 விழுக்காடு வரை புதுநீரால் ஈடுகட்ட முடியும் என்றால், நாம் எண்ணெய் ஊற்றுவது நம் குடத்தில்தானே?

நாட்டின் தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் ஆங்கிலத்தில் இந்த வீட்டு நீரைக் 'கழிவு' என்று சொல்வதை எப்போதோ விட்டுவிட்டது. 'பயன்படுத்திய நீர்' என்றுதான் சொல்கிறது. நாம் தமிழில் இன்னும் கழிவுநீர், சாக்கடை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். சாக்கடை என்று நினைப்பவர் அதில் எதையும் கொட்டத் தயங்கமாட்டார். உங்கள் பத்திரிகையாவது இந்தச் சொல்லை மாற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1963ல் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது எனக்கு ஆறு வயது. அரிசி களைந்த தண்ணீரில் அம்மா பாத்திரம் அலசுவார், அலசிய தண்ணீர் வாழை மரத்துக்குப் போகும். பங்கீடு ஏறக்குறைய பத்து மாதம் நீடித்தது. எங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், அப்போது வாளிக் கழிப்பறைதான். அந்த வாளிகள் நாட்டிலிருந்து முழுதாக ஒழிந்தது 1987ல்தான். மலேசியாவின் ஜொகூரிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை தண்ணீர் எடுக்க வழிசெய்த 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061ல் முடிகிறது. அப்போது என் பேத்தி நாற்பது வயதைத் தாண்டியிருப்பாள். அவள் வீட்டுக் குழாயை நினைத்துத்தான் எனக்கு இவ்வளவு கவலை.

ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் செய்முறை போடும் அதே பக்கத்தில் இதையும் நாலு வரி போடுங்கள்: எண்ணெயை ஆறவிடுங்கள், பழைய செய்தித்தாளில் ஊறவிட்டுப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், நிறைய இருந்தால் மூடியுள்ள டப்பாவில் ஊற்றி இறுக்கி மூடிப் போடுங்கள், வாணலியைக் கழுவும் முன் காகிதத்தால் துடைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் காலிப் பால்மாவு டப்பாக்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். மேல்மாடி வீடுகளுக்குப் பலகாரத் தட்டோடு ஆளுக்கொரு டப்பாவும் கொடுத்துவிடலாம் என்கிறார் என் மனைவி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தோ பாயோ