வரிச்சட்ட ஆசிரியர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலை 6 மணி இணையச் சந்திப்பில் ஸ்டான்லி சர்ரே பற்றிப் பேசுகிறோம். ஹார்வர்டில் வரிச்சட்டம் கற்பித்தவர்; 1961 முதல் 1969 வரை அமெரிக்கக் கருவூலத்தில் உதவிச் செயலாளராக இருந்தார். வரிச்சலுகையும் அரசின் செலவுதான் என்று 1967-இல் அவர் எடுத்துச் சொன்ன கருத்து இன்றும் வகுப்பில் கைகொடுக்கிறது.

போன வாரம் பலகையில் ஒரு கணக்கு போட்டேன். வட்டிக்கான கழிவு, அதாவது வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை, 100 என்றால், 30 சதவீத வரி கட்டுபவருக்கு 30 மிச்சம், 10 சதவீதம் கட்டுபவருக்கு 10, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு ஒன்றுமே இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “இதையே மானியமாகக் கொடுத்தால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?” என்று கேட்டார். சர்ரே கேட்டதும் அதைத்தான்! எனக்கு அன்று முழுவதும் சந்தோஷம்.

அப்புறம், ஓய்வு பெறும் நம் மூத்த உறுப்பினர் தம் பாடக் குறிப்பேடுகளைக் குழுவுக்குத் தருகிறார். ஓரமெல்லாம் பென்சிலில் மாணவர்களின் கேள்விகள். அவை வீணாகக் கூடாது. ஸ்கேன் செய்ய ஆள் வேண்டும். முடிந்தவர்கள் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

மாதிரி வினாத்தாள் பாக்கி வைத்திருப்பவர்கள் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.