ஆர்ஜி-213 என்று அச்சிட்டு நீங்கள் அனுப்பிய கேபிள் ஆர்ஜி-213 அல்ல

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்
பொருள்: 30 மீட்டர் கோஆக்சியல் கேபிளுக்குப் பணத்தைத் திருப்பித் தருவது, உங்கள் தளத்தில் உள்ள அந்த விற்பனைப் பக்கத்தைத் திருத்துவது தொடர்பாக

வணக்கம்.

ரேடியோவை ஆன்டெனாவோடு இணைக்க ஏப்ரல் கடைசியில் உங்களிடம் 30 மீட்டர் ஆர்ஜி-213 கோஆக்சியல் கேபிள் வாங்கினேன். மீட்டர் 145 ரூபாய், மொத்தம் 4,350, கூரியருக்கு 350 தனி. இதுவரை மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒன்பது நாள் கழித்து இரண்டே வரியில் ஒரு பதில் வந்தது: 'எஸ்.டபிள்யூ.ஆர் 1.4 என்று நீங்களே சொல்கிறீர்கள், ஆகவே கேபிள் நன்றாக இருக்கிறது. மேலும் வெட்டிய கேபிளைத் திருப்பி எடுப்பதில்லை.' அந்த இரண்டு வரியுமே தவறு. (எஸ்.டபிள்யூ.ஆர் என்பது, ரேடியோ அனுப்பும் சக்தியில் எவ்வளவு முட்டித் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண். எதுவும் திரும்பாவிட்டால் 1, திரும்பத் திரும்ப எண் ஏறும்.) ஏன் தவறு என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் இருக்கிறது. கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, இதுதான் பிழைப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் தேர்வு எழுதி அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கினேன். இங்கே காற்றும் மழையும் சேர்ந்தால் மரம் விழுந்து கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் அடங்கிவிடும், மலைப்பாதையில் மண் சரிந்தால் கீழே சேலத்துக்குப் போகவும் வழியிருக்காது. அப்படிப்பட்ட ராத்திரியில் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பரோடு பேச ஒரு வழி வேண்டும் என்பதுதான் என் ஆசை. வீடு பள்ளத்தில் இருக்கிறது, பின்னால் ஒரு பாறை மேடு. அந்தப் பாறைமேல் ஏறினால் சேலம் பக்கம் திறந்துவிடும். அதனால் ஆன்டெனா பாறைமேல், ரேடியோ வீட்டுக்குள், நடுவில் காப்பிச் செடிகளுக்கு இடையே 30 மீட்டர் ஃபீட்லைன் என்று முடிவு செய்தேன்.

ஆன்டெனா நானே செய்தது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு ஒரு கிரவுண்ட் பிளேன்: நடுவில் ஒரு பித்தளைக் கம்பி, அடியில் 45 டிகிரி சாய்வாக நான்கு கம்பிகள். அப்படிச் சாய்த்தால்தான் மின்மறுப்பு ரேடியோவுக்குப் பொருந்தும் 50 ஓம் பக்கத்தில் வரும். செலவு 300 ரூபாய்கூட ஆகவில்லை. யோசித்ததெல்லாம் கேபிளைப் பற்றித்தான், ஒரு மாதம் யோசித்தேன். ஆர்ஜி-58 மெல்லிசு, விலை குறைவு, ஆனால் 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஓடினால் 6 டெசிபல் போய்விடும், அதாவது நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினால் இருபத்தைந்துதான் ஊர் போய்ச் சேரும். இரட்டைக் கம்பி ஏணி லைனில் இழப்பு ரொம்பக் குறைவு, ஆனால் ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் அது நாள் முழுக்க நனைந்தே கிடக்கும், நனைந்தால் அதன் குணமே மாறிவிடும், போதாக்குறைக்கு எங்கள் தகரக் கூரையை ஒட்டியே அதைக் கொண்டுவர வேண்டும். டி.டி.எச் டிஷ்ஷுக்குப் போடும் ஆர்ஜி-6 வீட்டிலேயே மிச்சம் கிடந்தது. அது 75 ஓம், உறைக்கு அடியில் இருக்கும் கம்பிப் பின்னல் அலுமினியம், சாலிடர் பிடிக்காது என்று ஒதுக்கினேன். கடைசியில், விலை அதிகமானாலும் பரவாயில்லை, 50 ஓம், இழப்பு சுமார் இரண்டரை டெசிபல், மழை வெயில் தாங்கும் என்று ஆர்ஜி-213-ஐத் தேர்ந்தெடுத்தேன். உங்கள் பக்கத்தில் 'முழுச் செம்பு, அடர்ந்த பின்னல்' என்று எழுதியிருந்ததை நம்பித்தான் பணம் கட்டினேன்.

கூரியர்காரர் மேலே வரமாட்டேன் என்றதால் சேலம் ஐந்து ரோடு பக்கம் போய் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தேன். வெளியே பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கறுப்பு உறை, வெள்ளை எழுத்தில் பெயர், வெர்னியரில் அளந்தால் 10.3 மில்லிமீட்டர்.

இப்போது அந்த எஸ்.டபிள்யூ.ஆர் விஷயத்துக்கு வருகிறேன். கிரவுண்ட் பிளேன் செய்கிறவர்கள் நடுக்கம்பியைக் கொஞ்சம் நீளமாக விட்டுவிட்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டே அரை அரை சென்டிமீட்டராக நறுக்கிக்கொண்டு வருவார்கள். 145-க்குச் சுமார் 49 சென்டிமீட்டர் போதும், நான் 56 விட்டிருந்தேன். கேபிளை மாட்டி வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் எடுத்த எடுப்பிலேயே 1.4. நறுக்கவே தேவையில்லை என்று சந்தோஷப்பட்டு அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் அஸ்தம்பட்டி நண்பருக்கு என் குரல் இரைச்சலுக்குள் முழுகித்தான் கேட்டது. இதே 5 வாட் கைக்கருவியை எடுத்துக்கொண்டு லேடீஸ் சீட் காட்சி முனையில் நின்று பேசினால் பக்கத்து வீட்டில் இருப்பதுபோல் கேட்கிறது என்பார். மலை மறைக்கிறதோ என்று இரண்டு வாரம் ஆன்டெனாவை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

பிறகு நண்பர் தன்னிடம் இருந்த நானோ வி.என்.ஏ என்ற, ஆன்டெனாவையும் கேபிளையும் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். பாறைமேல் ஏறி ஆன்டெனாவின் அடியிலேயே நேராக மாட்டி அளந்தோம். எஸ்.டபிள்யூ.ஆர் 3. கீழே 1.4 காட்டியது மேலே 3! கம்பியை 49-க்கு நறுக்கியதும் 1.2-க்கு வந்தது. அதே கைக்கருவியை ஒரு மீட்டர் ஒயரில் ஆன்டெனாவோடு நேராக இணைத்துப் பாறைமேல் இருந்தே பேசினேன், சேலத்தில் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் கேட்டது. இறங்கி வந்து, உங்கள் கேபிள் வழியாகப் பேசினால் மறுபடியும் இரைச்சல்.

அடுத்து செய்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஆன்டெனாவையே கழற்றிவிட்டு, கேபிளின் அந்த நுனியில் எதுவுமே இல்லாமல் திறந்து விட்டோம். போன சக்தி முழுவதும் முட்டித் திரும்பி வரவேண்டும், எஸ்.டபிள்யூ.ஆர் எகிற வேண்டும். அசல் ஆர்ஜி-213 இதே நீளத்தில் 3-க்கு மேல் காட்டும். உங்கள் கேபிள் காட்டியது 1.9. ஒன்றுமே மாட்டாத கேபிள் 1.9 காட்டுகிறது என்றால், போகும்போது பாதிக்கு மேல் தின்று, திரும்பும்போது மிச்சத்திலும் தின்றுவிடுகிறது என்று அர்த்தம். மீட்டருக்குத் திரும்பி வருவது கொஞ்சம்தான் என்பதால் அது 'நல்லா இருக்கு' என்று சொல்கிறது. ரிட்டர்ன் லாஸ், அதாவது போன சக்தி திரும்பி வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற அளவு, சற்று மேலும் கீழும் ஆடியதில் நடுவாக 10.4 டெசிபல், போக வர இரண்டு வழிக்கும் சேர்த்து அது. ஒரு வழிக்கு 5.2. என் 5 வாட்டில் மேலே போய்ச் சேருவது ஒன்றரை வாட். நான் பணம் கொடுத்த கேபிளாக இருந்திருந்தால் 2.7 வாட்டாவது போயிருக்கும். வரும் சிக்னலிலும் இதே கழிவுதான். வீட்டில் சும்மா கிடந்த அந்த டிஷ் ஒயர்கூட இதைவிடக் குறைவாகவே இழந்திருக்கும் என்பதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே, எஸ்.டபிள்யூ.ஆர் குறைவாக இருப்பதை வைத்துக் கேபிள் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னது அப்படியே தலைகீழ். கேபிள் மோசமாக மோசமாக அந்த எண் அழகாகிக்கொண்டே போகும். ரேடியோ கேபிள் விற்கிற இடத்தில் பதில் எழுதுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் நுனியிலிருந்து ஒரு சாண் நறுக்கிப் பிரித்துப் பார்த்தோம். உறையைக் கத்தியால் கீறினால் கீறிக்கொண்டே போகிறது, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், அசலில் ஏறக்குறைய ஒன்றுதான் இருக்கும். அதற்கு அடியில் பின்னல். பின்னல் என்று சொல்ல வேண்டுமானால் சொல்லலாம், பழைய கொசுவலைபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடும் வெள்ளிநிறக் கம்பிகள், இடுக்கில் உள்ளே இருக்கும் பாலித்தீன் வெள்ளையாகத் தெரிகிறது. ஆர்ஜி-213-இல் அந்தப் பாலித்தீன் 7.25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், இதில் 5. நடுவில் 0.75 மில்லிமீட்டரில் ஏழு செம்புக் கம்பிகள் இருக்க வேண்டும். ஏழு இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் 0.4. பையனின் விளையாட்டுக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன், ஏழும் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டன. அரத்தால் ஒரு இழு இழுத்ததும் செம்பு நிறம் போய் உள்ளே இரும்பு வெளுப்பு. உயர் அதிர்வெண் மின்சாரம் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும், அதனால் செம்பு பூசிய இரும்பு போதும் என்று நீங்கள் சொல்லக்கூடும். பூச்சு போதிய தடிமனில் இருந்தால் அது சரிதான். ஆனால் நான் நாளைக்கு இதே கேபிளை 7 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் அந்தத் தோல் 25 மைக்ரான் ஆழம் வரும், முகப்பவுடர் பூசியதுபோல் இருக்கும் இந்தச் செம்பு அதற்குக் காணாது. அதோடு, விற்பனைப் பக்கத்தில் நீங்கள் எழுதியது முழுச் செம்பு என்று.

மிளகு நிறுக்கும் தராசில் மொத்தக் கேபிளையும் வைத்தேன். 30 மீட்டர் ஆர்ஜி-213 நாலரை கிலோவாவது இருக்கும். இது, நறுக்கிய துண்டையும் சேர்த்தே, 3 கிலோ 400 கிராம். அந்த எடையிலும் பெரும்பங்கு உறை பிளாஸ்டிக்.

வெட்டிய பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்கிறீர்கள். கோஆக்சியல் கேபிளை வெட்டாமல் யாரால் பயன்படுத்த முடியும்? இரண்டு பக்கமும் உறையைச் சீவி பி.எல்-259 கனெக்டரைச் சாலிடர் வைத்தால்தான் அது ஃபீட்லைன். உள்ளே என்ன இருக்கிறது என்பதும் வெட்டினால்தான் தெரியும். வெட்டினால் திருப்ப முடியாது, வெட்டாவிட்டால் குறை தெரியாது என்றால் வாங்குகிறவனுக்கு வழியே இல்லை.

நான் கேட்பவை இவைதான். கேபிள் விலை, கூரியர் செலவு இரண்டும் சேர்த்து 4,700 ரூபாயை நான் பணம் கட்டிய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். மாற்றுக் கேபிள் வேண்டாம், உங்கள் கிடங்கில் இருக்கும் மற்ற சுருளும் இதே சரக்காகத்தான் இருக்கும். அதைவிட எனக்கு முக்கியமானது, அந்த விற்பனைப் பக்கத்திலிருந்து ஆர்ஜி-213, முழுச் செம்பு என்ற வார்த்தைகளை எடுத்துவிடுங்கள். இரண்டு வருஷம் இதில் கிடக்கும் எனக்கே, ஒரு நண்பரும் ஒரு கருவியும் கிடைத்ததால்தான் விஷயம் புரிந்தது. இந்த வருஷம் உரிமம் வாங்கிய ஒரு கல்லூரிப் பிள்ளை, மீட்டர் மட்டும் வைத்துக்கொண்டு, 1.4-ஐப் பார்த்து, ஆன்டெனா சரி, கேபிள் சரி, எனக்குத்தான் இது வரவில்லை என்று நினைத்து எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடும். அந்தப் பிள்ளைக்கு உங்கள் பதில் வந்தால் இன்னும் மோசம்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்தில் எனக்குச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அந்த வேலையை எனக்கு வைக்க மாட்டீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

பிரித்த துண்டு, காந்தத்தில் ஒட்டிய கம்பிகள், வெர்னியர் அளவு, தராசு, நானோ வி.என்.ஏ திரை என ஒன்பது படங்கள் இணைத்திருக்கிறேன். மீதிக் கேபிளைச் சுருட்டி, இரண்டு கனெக்டர்களையும் கழற்றி, காப்பி மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஏற்காடு வரைக்கும் யாரையாவது அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். மறுபடியும் அதைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு நான் இறங்கி வர முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஏற்காடு