மே மாதத்தில் ஒரு நாளைக் குருவிகளுக்குத் தாருங்கள்

கனடாவில் இயங்கும் நமது ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். காசு சேர்ப்பது எப்படி என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை, ஆஸ்பத்திரிக்குக் கருவி என்று கேட்ட நேரமெல்லாம் நடைபவனியும் இராப்போசன விருந்தும் வைத்துச் சேர்த்துக் கொடுத்தவர்கள் நீங்கள். அந்தக் கைராசியை வருடத்தில் ஒரு நாள் இந்த நாட்டுப் பறவைகளுக்கும் காட்டுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

பறவைகளை எண்ணிக் காசு சேர்க்கிற கிரேட் கனேடியன் பேர்டத்தோன் என்ற நிகழ்வு 1976இல் தொடங்கியது. ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் பறவைகளோடு காலம் கழித்த ஜேம்ஸ் பெய்லியின் பெயரில், பெய்லி பேர்டத்தோன் என்றுதான் நெடுங்காலம் அழைத்தார்கள். மே மாதத்தில் உங்களுக்கு வசதியான ஏதாவது 24 மணி நேரத்தைத் தெரிவு செய்து, அதற்குள் எத்தனை வகைப் பறவைகளைக் கண்டோம், எத்தனையின் குரலைக் கேட்டோம் என்று எண்ணவேண்டும், அவ்வளவுதான். தெரிந்தவர்களிடம் வகைக்கு இவ்வளவு என்றோ மொத்தமாக இவ்வளவு என்றோ முன்கூட்டியே வாக்கு வாங்கலாம். ஒரு மாமா வகைக்கு 50 சதம் என்று சொல்லி நீங்கள் 60 வகை கண்டால் அவர் 30 டொலர் தரவேண்டும், அப்படி 30 பேர் பிடித்தால் 900 டொலர். காசு பேர்ட்ஸ் கனடா என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வுக்கும் பாதுகாப்பு வேலைகளுக்கும் போகிறது.

ஆய்வு என்றால் என்ன என்று கேட்பீர்கள். பிளாக்போல் வார்ப்ளர் என்றொரு குருவி, எடை 12 கிராம் வரும். இலையுதிர் காலத்தில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கிளம்பி, அத்திலாந்திக் கடலுக்கு மேலே இரண்டு மூன்று நாள் எங்கும் இறங்காமல் பறந்து கரீபியன் தீவுகளுக்குப் போகிறது. அதன் முதுகில் ஒரு கிராம்கூட வராத, போன வழியை அறிய உதவும் கருவியைக் கட்டி அனுப்பி, அடுத்த வருடம் அதே குருவியைத் திரும்பப் பிடித்துப் பார்த்துத்தான் 2015இல் இதை உறுதிப்படுத்தினார்கள். இப்படியான வேலைக்குக் காசும் வேண்டும், பொறுமையான சனமும் வேண்டும். 1970இலிருந்து அமெரிக்காவும் கனடாவும் கிட்டத்தட்ட 290 கோடி பறவைகளை இழந்துவிட்டன என்று 2019இல் தெரியவந்ததற்கும், வருடக்கணக்காகச் சாதாரண ஆட்கள் விடிய எழும்பி எண்ணி எழுதிவைத்த கணக்குத்தான் பெரிய ஆதாரம்.

"ஊரில எவ்வளவு தேவை கிடக்கு, குருவிக்கா காசு?" என்று கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார். நான் இதைக் கதைத்த இடத்திலும் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஊருக்கென்று சேர்க்கிற காசில் ஒரு சதமும் தொடவேண்டாம். ஆனால் கோடை வந்தால் நமது ஒன்றுகூடல் எல்லாம் இங்குள்ள பூங்காக்களில்தானே நடக்கிறது, நமது பிள்ளைகள் ஓடி விளையாடுவது இந்த மரங்களுக்குக் கீழேதானே. இந்த மண்ணுக்கென்று நாமும் ஒன்றைச் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன மே மாதம் அம்மாவை, ஸ்காபறோவில் ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கரையில் ஒரு குருவி ஈரச்சேற்றை அலகால் கொத்தி உருட்டி எடுத்துக்கொண்டு பறக்கும், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். நீல முதுகு, செம்மண் நிறத் தொண்டை, கத்தரிக்கோல் மாதிரிப் பிளந்த வால். அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "இது எங்கட வயலுக்கு மேல பறக்கிற தகைவிலானெல்லே?" என்றார். அதே இனம்தான். யாழ்ப்பாணத்துக்கு மாரியில் வருவது ஆசியாவின் வடபகுதியிலிருந்து, இங்கே கூடு கட்டுவது தென்னமெரிக்காப் பக்கம் போய்வருவது, ஆனால் குருவி ஒன்றுதான். அம்மா அன்று ஒரு மணி நேரம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

சரி, எனக்கு வேண்டியது இதுதான். மார்ச் மாத நிர்வாகக் கூட்டத்தில் பத்து நிமிடம் தாருங்கள், நான் வந்து விளக்குகிறேன். சங்கத்துக்கு ஒரு அணி, அணிக்குப் பத்துப் பேர் போதும், அதில் பாதி பிள்ளைகளாகவும் இரண்டு மூன்று பேர் அம்மம்மா, தாத்தாமாராகவும் இருந்தால் இன்னும் நல்லது. என்னிடம் இரண்டு பைனாகுலர் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ரூஜ் கரையில் நிற்பேன், தேத்தண்ணியும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ஸ்காபறோவிலிருந்து ஒரு பழைய மாணவன்