ஐ.டி.ஐ. பையனுக்கு எந்த இங்கிலீஷ் வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்டபத்தில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். ஃபிட்டர் படித்து, வளைகுடாவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவன். என் தங்கை மகனுக்காகத்தான் இந்தக் கடிதம், ஆனால் இந்தக் கரையில் தொண்டி முதல் சாயல்குடி வரைக்கும் அவனைப் போலப் பல பையன்கள் இருக்கிறார்கள்.

அவன் எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு, ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் வயர்மேன் முடித்தான். நம் மாநிலத்தில் இப்படி முடித்தவர்கள் பத்தாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலம் இரண்டு தாள்களையும் எழுதித் தேறினால் பத்தாவதுக்குச் சமமான சான்று கிடைக்கும். அதேபோல, பத்தாவது முடித்து இரண்டு வருஷம் ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு, பிளஸ் டூ மொழித் தாள்கள் எழுதினால் பிளஸ் டூவுக்குச் சமம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். தமிழில் அவன் முதல் தடவையே தேறிவிட்டான். ஆங்கிலத்தில் 35 மார்க் எடுக்க முடியாமல் இரண்டு தடவை போய்விட்டது.

படகு வயரில் உப்புக்காற்று ஏறி, உள்ளே செம்பு பச்சை பிடித்துக் கரன்ட் போகாமல் நிற்கும் இடத்தை இருட்டில் கையால் தடவியே கண்டுபிடிக்கிறவன் அவன். அவனிடம் அந்தத் தாள் கேட்பது என்ன? பாடப்புத்தகத்து உரைநடைக்கு விடை, துணைப்பாடக் கதையின் சுருக்கம், அப்புறம் மனப்பாடச் செய்யுளின் வரிகள். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு வருஷம் வாத்தியார் நடத்தக் கேட்ட பிள்ளைக்கு இதெல்லாம் சரி. காலையில் ஏழு மணிக்கு ஸ்பேனர் பிடித்து இரவு வீட்டுக்குப் போகிற பையன் இதைத் தனியாக உட்கார்ந்து எப்படிப் படிப்பான்?

ஆங்கிலமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அது இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். வெளிநாட்டில் முதல் வருஷம் ஒரு பம்ப் அறையில் வேலை. சுவிட்சில் பூட்டுப் போட்டுச் சிவப்பு அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். பெரிய எழுத்தில் இருந்த ‘டேஞ்சர்’ புரிந்தது, அதன் கீழே பொடி எழுத்தில், இதை மாட்டிய ஆளே தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது என்று இருந்தது புரியவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து அட்டையைக் கழற்றக் கை வைத்துவிட்டேன். டேங்குக்குள் ஆள் இருந்தான். பக்கத்தில் நின்ற மலையாளிக்காரர் சத்தம் போட்டதால் அவன் உயிர் தப்பியது, நானும் தப்பினேன். அன்றைக்குக் காலையில், வேலை தொடங்க அனுமதி தருகிற பெர்மிட் தாளில் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன், என்னிடம் யாரும் அதைப் படித்துக் காட்டவும் இல்லை. ஐ.டி.ஐ. படித்த காலத்தில் இப்படி ஒரு அட்டையை, ஒரு பெர்மிட் தாளை யாராவது கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருந்தால் போதுமே என்று அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன், தொழிற்கல்வி முடித்து வருபவர்களுக்கு இந்த ஆங்கிலத் தாளை மட்டும் தனியாக வையுங்கள். மோட்டாரின் விவரம் பொறித்த நேம் பிளேட்டைக் கொடுத்து அதில் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். இன்ஜின் புத்தகத்தில் ஒரு பக்கம் கொடுத்து எந்த போல்ட்டை எந்த வரிசையில் எவ்வளவு டார்க்கில், அதாவது முறுக்கு விசையில், இறுக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பாகம் உடைந்துவிட்டது, மாற்று அனுப்புங்கள் என்று நாலு வரி மெயில் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் எதிரில் உட்காரவைத்துப் பேசவும் சொல்லுங்கள், ஏனென்றால் வெளிநாட்டில் வேலைக்கு எடுக்கிறவன் பேசவிட்டுத்தான் பார்ப்பான்.

இப்படி வைத்தால் தாள் லேசாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. ‘அன்லெஸ்’, ‘அன்டில்’ என்ற இரண்டு வார்த்தை போதும் ஆளைக் கவிழ்க்க. இன்ஜின் ஆறும்வரை திறக்காதே என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டு கூலன்ட் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் எங்கள் கரையிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்று. பத்தாவது பாஸ் இல்லாதவனுக்குப் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்., அதாவது வேலைக்கு வெளிநாடு போகுமுன் அரசின் குடியேற்றச் சோதனை வேண்டும் என்ற முத்திரை விழும். ஆனால் அங்கீகாரம் உள்ள இரண்டு வருஷ ஐ.டி.ஐ. சான்றிதழ் இருந்தால் அது விழாது, அதற்கு எந்த மொழித் தாளும் கேட்பதில்லை. கடல் தாண்டிப் போக அந்தச் சான்றிதழே போதும், இங்கே பத்தாவது கேட்கிற வேலைக்கு மனு போட மட்டும் செய்யுள் ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது ஏற்கவே முடியவில்லை.

ஐ.டி.ஐ. பாடத்திட்டத்திலேயே வேலைவாய்ப்புத் திறன் என்ற பாடத்தில் ஆங்கிலம் இருக்கிறது. அதைத் தொழிலோடு சேர்த்து நடத்தி, அதிலிருந்தே இந்தத் தாளுக்குக் கேள்வி எடுத்தால் பையன் இரண்டு தடவை படிக்க வேண்டியதில்லை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையும் அரசுத் தேர்வுகள் இயக்ககமும் ஒன்றாக உட்கார்ந்தால் முடிகிற காரியம். தமிழ்த் தாள் இப்போது இருப்பது போலவே இருக்கட்டும்.

கேள்வித்தாள் எடுக்கிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாள் மண்டபத்துக்கு வரட்டும். 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், எல்லா இன்ஜினும் பிரித்துப் போட்டிருக்கும். எந்த இங்கிலீஷ் தேவை என்று ஒவ்வொரு நேம் பிளேட்டாக நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
படகு இன்ஜின் மெக்கானிக் ஒருவர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.